தற்செயலாக, முகிலாறு ஏரியில்

மே 4, ஞாயிறு

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் தற்செயலாக முகிலாறு தேசியப் பூங்காவுக்குச் சுற்றுலா போகிறோம். அங்கே ஏரிக்கரையில் தற்செயலாக இன்னொரு குடும்பத்தைச் சந்திப்போம். அந்தக் குடும்பத்தில் தற்செயலாக, கல்யாணமாகாத ஓர் இன்ஜினியர் இருப்பார்.

இதற்கு முன் மூன்று பேர் வீட்டுக்கே வந்து பார்த்தார்கள். கேசரி சாப்பிட்டார்கள், வேண்டாம் என்றார்கள். காரணம் முறையே நிறம், வயது, ‘பொண்ணு ரொம்பப் படிச்ச மாதிரி பாக்குது.’ மூன்றாவதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஒவ்வொரு முறையும் தெருவே அம்மாவிடம் துக்கம் விசாரித்தது. அதனால் இந்த முறை பொது இடம். மற்ற வீடுகளில் இதற்குக் கோயில் போதும். என் அப்பா பகுத்தறிவுவாதி, கோயில் வாசலை மிதிக்க மாட்டார். ஆகவே ஏரி. கிளம்பும் நேரத்தில் ராகு காலம் வராமல் மட்டும் அம்மா பார்த்துக்கொண்டார். அப்பா அதைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டார்.

விதிமுறைகள் உண்டு. எதற்காக வந்தோம் என்று இரு தரப்பும் வாய் திறக்கக் கூடாது. ஊர், சம்பளம், நட்சத்திரம் கேட்கக் கூடாது. பிடிக்கவில்லையென்றால் வணக்கம் சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம். நடக்காத ஒன்றுக்காக யாரும் அவமானப்பட வேண்டியதில்லை.

இரு வீட்டையும் தெரிந்த ஒரே ஆள் அம்மாவின் அக்கா, கோமளா பெரியம்மா. பையனின் அம்மாவோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்தவர். “அடடே, டீச்சர்! நீங்க எங்க இங்க?” என்று ஏரிக்கரையில் வியக்க வேண்டியது அவர் பொறுப்பு. இன்று மாலை எங்கள் கூடத்தில் இரண்டு முறை வியந்து பார்த்தார். இரண்டாவது முறை கொஞ்சம் பரவாயில்லை.

பையன் பெயர் பிரசன்னா. ஒரே மகன், கல்லூரியில் படிக்கும் ஒரு தங்கை, மதுரையில் வேலை, அப்பா மத்திய அரசில் ஓய்வு பெற்றவர். புகைப்படம் என்று அம்மா போனில் காட்டியது ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம். கடைசி வரிசையில் ஒரு நெற்றியும் ஒரு காதும் தெரிந்தன. அந்தக் காதைப் பற்றி எனக்கு எந்தக் கருத்தும் இல்லை.

அப்பா கடைசியாகச் சொன்னது: “அவுங்க சரின்னா நாம சரி. இந்தத் தடவ உன்னையக் கேக்கப் போறதில்ல.”

எனக்கு இருபத்தெட்டு வயது. கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். கேட்காமல் எடுக்கப்பட்ட முடிவுகளின் தொகுப்புதான் அந்தப் பாடம்.

மே 8, வியாழன்

குரங்குக் குல்லாய்கள் நான்கு வாங்கப்பட்டன. திண்டுக்கல்லில் இன்று நூற்று நான்கு டிகிரி.

மே 10, சனி

மலையடிவாரத்தில் எலுமிச்சம்பழம் வாங்கினோம். மூன்றாவது வளைவில் பெரியம்மா அதை முகர்ந்தார். ஏழாவது வளைவுக்குப் பிறகு எலுமிச்சம்பழத்தால் ஆவது ஒன்றுமில்லை. விடுதிக்கு வந்ததும் கட்டிலில் சாய்ந்தவர் இன்னும் எழவில்லை. “அவுங்க காலைல மதுரைலருந்து நேரா வராங்க. மொத வேன்ல ஏறிருவாங்க. நாலு பேரு. பாத்தா தெரியும்டி” என்று கண்ணை மூடியபடியே அம்மாவிடம் பொறுப்பை ஒப்படைத்தார்.

காட்டுக்குள் சொந்தக் கார்கள் போக முடியாது. சோதனைச் சாவடியிலிருந்து வனத்துறை வேன். அதற்கு அப்பால் போனில் சிக்னலும் கிடையாது. விடுதிக்காரர் இதை ஒரு குறை போலச் சொன்னார். இந்தப் பயணத்தில் நான் கேட்ட முதல் நல்ல செய்தி அது.

மே 11, ஞாயிறு

காலையில் சோதனைச் சாவடியில் நாற்பது பேர் பல் கிட்டிக்கொண்டு நின்றார்கள். அம்மா கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “அவுங்கதான்” என்றார். கணவன், மனைவி, சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்ட ஒருவர், ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி.

“எப்படிச் சொல்ற?” என்றார் அப்பா.

“நாலு பேரு இருக்காங்கல்ல. அந்தம்மா நம்மளப் பாத்துச் சிரிச்சாங்கல்ல.”

“தங்கச்சி காலேஜ்ல படிக்குதுன்னாங்களே? இது சின்னப் புள்ளையா இருக்கு.”

“அதுக்குப் பரிச்சையா இருக்கும். இது யாரோ சொந்தக்காரப் புள்ள. போய்க் கேக்கவா முடியும்?”

முடியாது. விதிமுறை.

வனக்காவலர் பைகளைச் சோதித்தார். அம்மா பிளாஸ்டிக் உறைகளில் கட்டி வந்த புளியோதரையை மேசைமேல் எடுத்து வைத்து, “பிளாஸ்டிக் உள்ள போகாதும்மா. சாப்பாடு போகும்” என்றார். சாப்பாடு எப்படித் தனியாக நடந்து போகும் என்று அம்மா கேட்பதற்குள், அந்தப் பெண்மணி தன் கூடையிலிருந்து ஓர் எவர்சில்வர் தூக்கை எடுத்துத் திறந்தார்.

“இதுல கொட்டுங்கக்கா. காலியாத்தான் இருக்கு.”

அம்மா என் இடுப்பில் கிள்ளினார். “என்ன பாங்கு பாத்தியா?”

அந்தப் பாத்திரத்தோடு சம்பந்தம் பாதி முடிந்துவிட்டது. வேனில் அம்மா அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அவர் பெயர் பாக்கியம். தன் தலையிலிருந்த கதம்பத்தில் ஒரு முழம் கிள்ளி அம்மாவுக்குக் கொடுத்தார். அம்மா கல்யாண வீட்டுப் புன்னகையோடு வைத்துக்கொண்டார். முன் இருக்கையில் அப்பாக்கள். “நான் அழகப்பன், மின்வாரியம்.” “நான் தங்கமுத்து, ரயில்வே. ரிட்டயர்டு.” அப்பா திரும்பி அம்மாவைப் பார்த்தார். ரயில்வே மத்திய அரசுதானே. சான்றுகள் குவிந்துகொண்டிருந்தன. இதைவிடக் குறைந்த ஆதாரத்தில் பேரரசுகளின் எல்லைகளை வரைந்திருக்கிறார்கள் என்பதால் நான் பேசாமல் இருந்தேன்.

உண்மையில் நான் யாரோடும் பேசவில்லை. எனக்கென்று மிச்சமிருந்தது வாய் மட்டும்தான். அதையும் காட்சிக்கு வைப்பதாக இல்லை. ஸ்வெட்டர்காரர், “ஜன்னல் பக்கம் வேணுமாங்க?” என்று கேட்டார். தலையை ஆட்டினேன். வேண்டும் என்றா வேண்டாம் என்றா என்பது அவர் பாடு.

ஏரியைப் பற்றியும் எழுத வேண்டும் அல்லவா. பச்சையாக இருந்தது. தண்ணீர் பச்சையாக இருப்பதில் வியக்க என்ன இருக்கிறது, எங்கள் ஊர்த் தெப்பக்குளமும் பச்சைதான். இதை ஏரி என்பதே மரியாதைக்குத்தான். யாரோ ஒரு வெள்ளைக்காரன் அணை கட்டி மூழ்கடித்த பள்ளத்தாக்கு. பட்ட மரங்கள் இன்னும் தண்ணீருக்கு மேலே நிற்கின்றன. ‘அமைதி காக்கவும்’ என்ற பலகையை வனத்துறை ஒலிபெருக்கியில் வாசித்துக் காட்டியது. இதய வடிவில் ஓர் இரும்புச் சட்டம். அதற்குள் தலையை நீட்டிப் படமெடுக்க வரிசை. எதிர்மலையைப் பார்த்து ஒருவர் தன் பெயரைக் கத்தினார். மலை திருப்பிச் சொன்னது. மலைக்கு வேறு வழியில்லை.

பின்னால் மூன்று மலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நீலம் குறைந்துகொண்டே போயின. அதை மட்டும் கொஞ்சம் பார்த்தேன்.

படகில் ஆரஞ்சு நிறச் சட்டை மாட்டிவிட்டார்கள். எனக்கு முன்னால் மாட்டியவரின் வியர்வை வாசனையோடு. திட்டமிட்டபடி பெரியவர்கள் நால்வரும் முன்னால் நகர்ந்துகொண்டார்கள். கடைசி வரிசையில் நான், நடுவில் சிறுமி, அந்தப் பக்கம் அவர். சிறுமிக்குப் பெயர் மகிழ்.

“சித்தப்பா, அந்த மரமெல்லாம் ஏன் செத்துப் போச்சு?”

“ரொம்ப நாளா தண்ணிக்குள்ள நிக்குதுல்ல, அதான்.”

சித்தப்பா. ஒன்றுவிட்ட உறவாக இருக்கலாம் என்று நினைத்தேன். அம்மா கவனித்தாரா என்று முன்னால் பார்த்தேன். கதம்பம்தான் தெரிந்தது.

“அண்ணன் பொண்ணுங்களா?” என்று கேட்டேன். காலையிலிருந்து நான் பேசிய முதல் சொல்.

“ஆமாங்க. சொந்த அண்ணன். திருச்சில இருக்கான். லீவுக்கு விட்டுட்டுப் போயிருக்கான்.”

ஒரே மகனுக்குச் சொந்த அண்ணன்.

நான் முன்னால் போய் அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். ஓடும் படகில் எழுந்து நிற்கக் கூடாது என்று எழுதிப் போட்டிருந்தார்கள். மேலும், வந்த காரணத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது என் விதி அல்ல, அவர்களுடையது.

“நீங்க என்ன வேலை பாக்குறீங்க?” என்று கேட்டேன்.

லிஃப்ட் கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினியராம். மதுரையில். “நான் பாக்குற வியூ பாயிண்ட் எல்லாம் நாலு செவுரும் ஒரு கயிறும்தாங்க. அதான் அம்மா இழுத்துட்டு வந்துட்டாங்க.”

“மாட்டிக்கிட்டவங்கள வெளிய எடுப்பீங்களா?”

“அதான் பாதி வேலை. மொதல்ல எல்லாரும் ரொம்ப மரியாதையா இருப்பாங்க. கொஞ்ச நேரம் போனதும் சண்ட வந்துரும், யாரு பட்டனை அமுக்குனதுன்னு. ஒருதரம் ஒரு மாமியாரும் மருமகளும் மாட்டிக்கிட்டாங்க. தொறந்தப்ப ரெண்டு பேரும் ஒண்ணா சேந்து என்னயத் திட்டுனாங்க. அதுக்கு முந்தி ரெண்டு வருஷமாப் பேச்சு இல்லியாம்.”

நான் சிரித்திருக்க வேண்டும். அம்மா திரும்பிப் பார்த்து அப்பாவின் தொடையில் தட்டினார்.

“உள்ள இருக்கறவங்ககிட்ட வெளியலருந்து என்ன பேசுவீங்க?”

“பேரு கேப்பேன். பேரச் சொல்லிட்டா பாதி பயம் போயிரும்.” பிறகு, “உங்க பேரு?”

“சுடர்க்கொடி.”

“சுடர்க்கொடி” என்று ஒருமுறை முழுதாகச் சொல்லிப் பார்த்தார். அப்பா மேடைகளில் பேசிக்கொண்டிருந்த காலத்தில் வைத்த பெயர். வீட்டில் சுடர், கல்லூரியில் எஸ்.கே. மேடம். முழுதாக யாரும் கூப்பிடுவதில்லை. எனக்கும் அது அவ்வளவாகப் பிடிக்காது.

அக்கரையில் யானைகள் என்று படகே ஒரு பக்கம் சாய்ந்தது. எல்லாக் கைகளிலும் போன். அவர் கையில் போன் இல்லை. மகிழைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். “தெரியுதா?” என்று கேட்டார். மகிழைத்தான் கேட்டிருப்பார். தெரிகிறது என்று நானும் சொன்னேன்.

பிறகு அவரிடம் என்னென்னவோ சொன்னேன். முனைவர் பட்டத்தைப் பாதியில் விட்டது. வாயே திறக்காத மாணவிகள் தேர்வுத்தாளில் எழுதிவைப்பது. இன்னும் சில. அவர் பெயர் அறவாழி. மூன்று நாள் தாடி. ‘ஜம்முனு இருக்கு’ என்பதைத் தவிர இயற்கையை வருணிக்க அவருக்கு வேறு சொல் கிடையாது. ஏரி, யானை, புளியோதரை மூன்றுமே ஜம்மென்று இருந்தன.

கரையில் இரண்டு வீட்டுச் சாப்பாட்டையும் கலந்து சாப்பிட்டோம். அம்மா பாக்கியம் அம்மாவின் தக்காளிச் சோற்றை இரண்டு முறை வாங்கினார். பிரியும்போது அப்பா தன் எண்ணைக் கொடுத்து, “திண்டுக்கல் வந்தா நம்ம வீட்டுக்கு வராமப் போகக் கூடாது” என்றார். பகுத்தறிவின் கண்களில் நீர் தளும்பியது.

மே 11, மாலை

விடுதி அறையில் பெரியம்மா எழுந்து உட்கார்ந்திருந்தார். பிரசன்னா வீட்டாரின் கார் பாதி மலையில் புகைந்து, அவர்கள் வராமலே திரும்பிவிட்டார்களாம்.

“அப்ப நாங்க பாத்தது யாரு?” என்றார் அம்மா.

பெரியம்மா விசாரித்தார். பெயர் என்ன, சொந்த ஊர் எது, ஊரில் எந்தப் பக்கம். வேனில் ரயில்வேக்காரர் சொன்னதையெல்லாம் அப்பா ஒப்பித்தார். ஊரில் எந்தப் பக்கம் என்பதற்கு வந்ததும் பெரியம்மாவுக்குப் போதுமாக இருந்தது. குரலைத் தாழ்த்தி ஒரு சொல்லைச் சொன்னார். அதை இந்த நோட்டில் எழுதமாட்டேன்.

அம்மா தலையிலிருந்த கதம்பத்தை எடுத்து ஜன்னலுக்கு வெளியே போட்டார். பிறகு குளியலறைக்குள் போனார். வாய் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது. நிற்கவே இல்லை. மத்தியானம் சாப்பிட்டது அந்தி வரை வாயிலா இருக்கும்?

அப்பா செய்தித்தாளை விரித்தார். “எனக்கு இதுலல்லாம் ஒண்ணுமில்ல” என்று செய்தித்தாளிடம் சொன்னார். “ஊருன்னு ஒண்ணு இருக்குல்ல.”

அழுக்குச் சட்டை, இதய வடிவச் சட்டம், ஒலிபெருக்கி இவற்றையெல்லாம் காலையில் எவ்வளவு இளக்காரமாகப் பார்த்தேன். இளக்காரத்தையெல்லாம் அங்கேயே வீணடித்துவிட்டேன். கொஞ்சம் மிச்சம் வைத்திருக்க வேண்டும்.

மே 12, திங்கள்

இறங்கும் வழியில் யாரும் பேசவில்லை. பெரியம்மாவுக்கு வாந்திகூட வரவில்லை.

மே 13, செவ்வாய்

பிரசன்னா வீட்டாருக்குக் குற்ற உணர்வாம். போட்டோவிலேயே என்னைப் பிடித்துவிட்டதாம். ஞாயிறு காலை பத்து மணிக்கு வீட்டுக்கே வருகிறார்கள். பூ வைக்கவும் தயாராக வருகிறார்கள். தெருவுக்குத் தெரிந்தால் தெரியட்டும் என்கிறார் அம்மா, இது முடிந்த மாதிரிதானாம்.

மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். அம்மா கிரைண்டரை நிறுத்தினார்.

“ஆள் மாறிருச்சுன்னு அங்கயே உனக்குத் தெரியுமாடி?”

தெரியாது என்றேன். அம்மா கிரைண்டரை மறுபடி ஓடவிட்டார்.

மே 14, புதன்

எங்கள் கல்லூரி லிஃப்ட் இரண்டு வருடமாக ஓடவில்லை. இது எவ்வளவு பெரிய அநியாயம் என்பது இன்றுதான் எனக்கு உறைத்தது. மதுரையில் எத்தனை லிஃப்ட் கம்பெனிகள் இருக்கின்றன என்று போனில் பார்த்து வைத்தேன். பொது அறிவுக்காக.

மே 16, வெள்ளி

காது மந்தம் என்பதால் அப்பா போனை ஸ்பீக்கரில்தான் போடுவார். இன்று காலை மணி அடித்தபோது நான் கூடத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அம்மா கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தார்.

“சார், நான் பாக்கியம் பேசுறேன். ஏரில பாத்தமே.”

அம்மாவின் கை நின்றது.

“சொல்லுங்கம்மா” என்றார் அப்பா.

“சுத்தி வளைச்சுப் பேச எனக்கு வராது சார். நான் முப்பத்தஞ்சு வருஷம் நர்ஸு. உங்க பொண்ண எங்களுக்கு ரொம்பப் புடிச்சிருச்சு. பையனக் கேட்டேன், அவனுக்கும் சம்மதம். நீங்களும் பொண்ணும் யோசிச்சுச் சொல்லுங்க. இல்லைன்னாலும் வருத்தமில்ல, நேராச் சொல்லிருங்க.”

அப்பா என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார். அங்கே அவர் இளமையில் வாங்கிய கேடயம் இருக்கிறது. சாதி ஒழிப்பு மாநாட்டுப் பேச்சுப் போட்டி, இரண்டாம் பரிசு. முதல் பரிசு வாங்கியவர் இப்போது என்ன செய்கிறாரோ.

“அதும்மா… பாத்தோம். ஜாதகம் பொருந்தலம்மா.”



“நாங்க இன்னும் ஜாதகமே குடுக்கலையே சார்.”

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அப்பா வாழ்நாள் முழுவதும் மறுத்துவந்த ஒன்றை, தேவைப்பட்ட அன்றைக்குக் கடன் வாங்கிவிட்டு மாட்டிக்கொண்டு நின்றார். அவரை அப்படியே விட்டிருக்கலாம். விட்டால் அவரே ஏதாவது ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்துவிடுவார் என்று பயமாக இருந்தது.

போனை எடுத்தேன். “அம்மா, நான் சுடர்க்கொடி. அப்பா எனக்காகப் பேசல. ஞாயித்துக்கிழமை மதுரைக்கு வரேன். வீடு எங்கன்னு சொல்லுங்க.”

மே 18, ஞாயிறு

ஏழரை மணிப் பேருந்து. வாசலில் கோலம் போட்டிருந்தார்கள், பிரசன்னாவுக்காக.

“ஏண்டி, பத்து மணிக்கு அவுங்க வராங்கடி” என்று அம்மா என் பையைப் பிடித்துக்கொண்டார். அழுதுகொண்டிருந்தார். நான் திரும்பி வந்தாலும் இது பழைய வீடாக இருக்காது என்பது அவர் பிடியில் தெரிந்தது. அதற்கு எழுத என்னிடம் கிண்டல் ஒன்றும் இல்லை.

அப்பா கதவுக்குள்ளிருந்து, “நான் அவுங்ககிட்ட என்னன்னு சொல்றது?” என்றார்.

“ஜாதகம் பொருந்தலன்னு சொல்லுங்கப்பா.”

மதுரையில் அவர்கள் வீட்டுக் கூடம் என் ரசனைக்குப் பெரிய சோதனை. பிளாஸ்டிக் ரோஜாக்கள். கண்ணாடி அலமாரி நிறைய லிஃப்ட் கம்பெனி கொடுத்த கோப்பைகள். புத்தகம் என்று இருந்தது மகிழின் மூன்றாம் வகுப்புக் கணக்கு மட்டும். பாக்கியம் அம்மா சிரிக்கவில்லை. ஏரியில் பார்த்தவர் வேறு ஆளோ என்றிருந்தது.

“உங்கப்பா நேராச் சொல்லியிருந்தா மரியாதையா இருந்திருக்கும். ஜாதகம்னா என்ன அர்த்தம்னு எங்களுக்குத் தெரியாதா? எங்க காலத்துலருந்து கேட்டுக்கிட்டுதான் இருக்கோம்.”

“தெரியும்மா.”

“நாளைக்கு உங்க வீட்ல யாரும் வந்து நிக்க மாட்டாங்க. அதுவும் தெரியுமா?”

“அம்மா வருவாங்களான்னு தெரியல. அப்பா வரமாட்டாரு.”

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். வார்டில் இப்படித்தான் பார்த்திருப்பார், யாருக்கு உண்மையில் வலி, யார் சும்மா முனகுகிறார்கள் என்று.

“சரி. அன்னைக்கு ஆள் மாறிப்போச்சுன்னு நீ எப்பத் தெரிஞ்சுக்கிட்ட?”

“உங்களுக்கு எப்படி…”

“உங்கம்மா செக்போஸ்ட்லருந்தே உன் துப்பட்டாவ இழுத்து இழுத்துச் சரி பண்ணுனாங்க. சுத்திப் பாக்க வந்தவங்க யாராச்சும் பொண்ணு துப்பட்டாவ அத்தன தரம் சரி பண்ணுவாங்களா? யாரயோ எதிர்பாத்து வந்து எங்ககிட்ட மாட்டிக்கிட்டாங்கன்னு எனக்கு வேன்லயே தெரியும். உன்னப் புடிச்சிருந்துச்சு, அதான் பேசாம இருந்தேன்.”

அப்போதுதான் அறவாழி காபித் தட்டோடு வந்தார். எங்கள் வீட்டில் இந்தத் தட்டை மூன்று முறை நான் சுமந்திருக்கிறேன். அவரும் என்னைப் போலவே மோசமாகத்தான் சுமந்தார்.

“ஆள் மாறிருச்சா? என்ன ஆள்?”

பாக்கியம் அம்மா சொன்னார். அவர் தட்டை வைக்க மறந்து நின்று கேட்டார். முகத்திலிருந்த மலர்ச்சி ஒவ்வொரு மாடியாக இறங்கியது.

“அப்ப நீங்க அன்னிக்கு அவ்வளவு பேசுனதெல்லாம்… நான் அவருன்னு நெனச்சுத்தானாங்க?”

என்னிடம் தயாராக மூன்று சாமர்த்தியமான பதில்கள் இருந்தன. மூன்றும் அவர் முகத்துக்கு முன்னால் மட்டமாகத் தெரிந்தன.

“அவருன்னு நெனச்சவரைக்கும் நான் உங்ககிட்ட ஒரு வார்த்தைகூடப் பேசல” என்றேன். “நல்லா யோசிச்சுப் பாருங்க.”

யோசித்தார். இவ்வளவு மெதுவாக யோசிக்கும் ஒருவரை நான் பார்த்ததே இல்லை. சாவடியிலிருந்து வேனுக்கு, வேனிலிருந்து கரைக்கு, கரையிலிருந்து படகுக்கு என்று அவர் வந்து சேர்வதற்குள் காபி ஆறிப்போனது.

ஆறியதையே குடித்தேன். சர்க்கரை மிகவும் அதிகம். ஜம்மென்று இருக்கிறது என்று சொன்னேன்.